பதினேழாம் எண் புத்தகத்தில் வருபவர்கள்

திங்கட்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குத் தலைமையாசிரியர் அறையில் கூடியிருந்தவர்கள் ஐந்து பேர். மேசைக்குப் பின்னால், கைவைத்த நாற்காலியில், தலைமையாசிரியர் அருணகிரி. அவருக்கு எதிரே ஜன்னல் பக்கமாக ரவிச்சந்திரன். அவருக்கென்று துடைத்துப் போட்ட நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இன்னொரு நாற்காலி காலியாகக் கிடந்தது. அது அவர் மனைவி வசுமதிக்காகப் போட்டது. சுவரோரம், பீரோவை ஒட்டி, முக்காலியில் ஐந்தாம் வகுப்புக் கல்யாணி டீச்சர். மடியில் நூலகப் பதிவேடு. வாசற்படிக்கு உள்பக்கம் தரையில் தனக்கோடி. பெஞ்சு இருக்கிறதே என்று இரண்டு முறை சொல்லியும், மீன் வாடை ஒட்டிக்கும் சாரு என்று கீழேயே உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய கூடை வெளியே தூறலில் நனைந்துகொண்டிருந்தது. அவள் மகள் யோகேஸ்வரி எங்கும் உட்காரவில்லை. கதவில் முதுகைச் சாய்த்து, தன் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மேசை நடுவில் ஒரு செருப்புப் பெட்டி இருந்தது. பெட்டியின் ஒரு பக்கம் வெட்டித் திறந்து விடப்பட்டிருந்தது. உள்ளே மணலும் நாலு கிளிஞ்சலும், ஒரு தாய் யானை, ஒரு யானைக்குட்டி, துடுப்போடு நிற்கும் ஒரு படகுக்காரர். மூன்றும் வழவழப்பான காகிதத்தில் அச்சான வண்ணப்படங்கள். அந்தப் படங்களால்தான் இந்தக் கூட்டம்.

புதுப்பட்டினத்தின் அந்தச் சின்னப் பள்ளியில் கல்யாணிக்கு அது ஒன்பதாவது வருஷம். தினமும் செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக பஸ்ஸில் வந்துபோகிறவள். எதையும் முறையாகச் செய்வாள் என்று பெயர். பள்ளிக்கூடத்திலிருந்து வெளியே போகிற கடிதம் எதுவானாலும், மின்வாரியத்துக்கானாலும் கல்வி அலுவலகத்துக்கானாலும், அவள் கையெழுத்தில்தான் போகும். முதலில் பழைய கேள்வித்தாளின் பின்பக்கத்தில் எழுதிப் பார்ப்பாள், அடிப்பாள், பிறகு வெள்ளைத்தாளில் நகல் எடுப்பாள். பதிவேட்டில் எண் போடாமல் ஒரு கடிதமும் படி இறங்கியதில்லை.

அந்த வருஷம் ஆகஸ்டில் செங்கல்பட்டில் நடந்த ஒரு பயிற்சிக்கு அவளை அனுப்பியிருந்தார்கள். பிள்ளைகள் கதைப் புத்தகம் படித்துவிட்டு அதைச் சுருக்கி எழுதுவதோடு நிறுத்த வேண்டாம், செய்தும் காட்டலாம் என்று அங்கே சொன்னார்கள். கதை நடக்கும் இடத்தைச் செருப்புப் பெட்டிக்குள் அமைக்கலாம். பாத்திரங்களை நூலில் கோத்து, துணி மாட்டும் கம்பியில் தொங்கவிடலாம். கதைக்கு ஒரு வழிப்படம் வரையலாம். கல்யாணி எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொண்டு வந்தாள். வந்து பார்த்தால் பள்ளியில் இருந்த கதைப் புத்தகம் மொத்தம் ஒன்பது, அதிலும் இரண்டுக்கு அட்டை இல்லை.

அந்தச் சமயத்தில்தான் ரவிச்சந்திரன் இரண்டு அட்டைப்பெட்டிகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி வேலை அவருக்கு, சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அவருடைய ஒரே மகன் ஷ்யாம் இரண்டு வருஷத்துக்கு முன் மூளைக்காய்ச்சலில் போய்விட்டான், ஒன்பது வயதில். பையனுடைய புத்தகங்கள் நாற்பத்து மூன்று. யாராவது பிள்ளைகள் படித்தால் போதும் என்றார்.

கல்யாணி ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து அத்தனைக்கும் எண் போட்டாள். ஒவ்வொன்றிலும் முதல் பக்கத்தில் பையன் தன் பெயரையும் வகுப்பையும் எழுதி வைத்திருந்தான். சரியாக அதன் மேல் பள்ளியின் அச்சடித்த சீட்டை வைத்து ஒட்டினாள். இறந்த பிள்ளையின் சாமானை இன்னொரு பிள்ளை கையில் கொடுத்தால் மீனவர் குப்பத்தில் யார் ஒப்புவார்கள்? செங்கல்பட்டில் அவளுடைய தெருவிலேயே ஒரு குழந்தை போனபோது அதன் துணி, பொம்மை எல்லாவற்றையும் மூட்டை கட்டி எங்கோ கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்ததை அவள் பார்த்திருக்கிறாள். சொல்லாமல் இருப்பதே நல்லது என்று அருணகிரியும் சொன்னார். அணுமின் நிலைய மாமா ஒருத்தர் கொடுத்தது என்று மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டது. முதல் பக்கத்தைத் தவிர வேறு எந்தப் பக்கத்தையும் அவள் அன்றைக்குப் பிரித்துப் பார்க்கவில்லை. நாற்பத்து மூன்று சீட்டு ஒட்டவே பொழுது போதவில்லை.

நவம்பர் பதினாலாம் தேதி, வெள்ளிக்கிழமை, குழந்தைகள் தினத்தன்று ஐந்தாம் வகுப்பில் கண்காட்சி. வீட்டிலிருந்து கிடைக்கிற படங்களை வெட்டிக்கொண்டு வந்து ஒட்டலாம் என்று கல்யாணி சொல்லியிருந்தாள். சம்பளக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அதில் ஒரு கஷ்டமும் இல்லை. சுஷ்மிதா அப்பாவின் பழைய வாரப் பத்திரிகைகளிலிருந்து ஒரு காடே கொண்டுவந்தாள். குப்பத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் கையால் வரைந்தார்கள். தேவேந்திரன் அறுந்த வலைக்கயிற்றில் கதாபாத்திரங்களைத் தூக்கில் போட்டதுபோல் வரிசையாகத் தொங்கவிட்டு, டீச்சர் இவங்க எல்லாம் காத்து வாங்குறாங்க என்றான்.

ரவிச்சந்திரன் மனைவியை அழைத்துக்கொண்டு வந்திருந்தார். மகன் போன பிறகு வசுமதி எந்தப் பள்ளிக்கூட வாசலையும் மிதித்ததில்லை. பிள்ளைகள் அவன் புத்தகத்தைப் படிப்பதைப் பார்த்தால் மனசு கொஞ்சம் ஆறும் என்று சொல்லிச் சொல்லி அழைத்து வந்திருக்கிறார். அந்த அம்மாள் ஒவ்வொரு பெஞ்சாகப் பார்த்துக்கொண்டே வந்து, மூன்றாவது பெஞ்சில் யோகேஸ்வரியின் செருப்புப் பெட்டிக்கு முன்னால் நின்றாள். குனிந்து பார்த்தாள். யானையை விரல் நுனியால் தொட்டாள். பெட்டிக்குப் பின்னால் பதினேழாம் எண் புத்தகம் கிடந்தது, எடுத்துப் பிரித்தாள். நடுவில் ஒரு பக்கத்தில் யானை வடிவத்தில் ஓட்டை, அதன் வழியாக அடுத்த பக்கத்து வானம் தெரிந்தது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, குடையைக்கூட எடுக்காமல் வெளியே நடந்தாள். ரவிச்சந்திரன் பின்னாலேயே ஓடினார்.

இதெல்லாம் நடந்து மூன்று நாள் ஆகியிருந்தது.

இப்போது அறையில் ரவிச்சந்திரன்தான் முதலில் பேசினார். கோபம் இல்லை, சத்தமும் இல்லை. வெள்ளிக்கிழமையிலிருந்து வீட்டில் அவள் சரியாகச் சாப்பிடவில்லை, தன்னோடு பேசுவதில்லை என்றார். புத்தகங்களைத் திருப்பி வாங்கிக்கொள்வது என்று முடிவாகிவிட்டது, சனிக்கிழமை காலையில் வண்டி வரும், நாற்பத்து மூன்றையும் எடுத்து வைத்திருந்தால் உபகாரமாக இருக்கும். யாரையும் குறை சொல்ல வரவில்லை.

அருணகிரி விடவில்லை. இது பள்ளிக்கூடத்தின் மானப் பிரச்சினை என்றார். தானமாக வந்த பொருளை ஒரு பிள்ளை பிளேடு போட்டுக் கிழித்திருக்கிறது. பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. மாணவி வேண்டுமென்றே சேதப்படுத்தியதாகக் கல்யாணி ஒரு கடிதம் எழுத வேண்டும். தனக்கோடி அதில் கையெழுத்துப் போட வேண்டும். பிள்ளையை மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வேறு பள்ளிக்கு அழைத்துப் போகட்டும். சொல்லிக்கொண்டே மாற்றுச் சான்றிதழ் புத்தகத்தை இழுப்பறையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார்.

தனக்கோடிக்கு அந்தப் புத்தகம் என்ன என்று தெரியும். மூத்தவளை ஏழாவதோடு நிறுத்தியபோது ஒரு தாள் வாங்கிப் போயிருக்கிறாள். கைகளை முழங்காலில் கோத்துக்கொண்டு கல்யாணியைப் பார்த்தாள்.

"வூட்லேந்து படம் எடுத்துகினு வரச் சொன்னது நீங்கதான டீச்சர். எங்க வூட்ல ஏது படம்? சாமி காலண்டர் ஒண்ணு கீது. அத்த வெட்ட வுடுவனா? புக்கு ஒண்ணுதான் படம்னு இருந்துச்சு. இவ வெட்டிக்கீறா. எனக்குப் படிக்கத் தெரியாது, பாத்துகினுதான் இருந்தேன், நல்லா வெட்றாளேன்னு."

வீட்டிலிருந்து என்று சொன்னபோது கல்யாணியின் மனசில் இருந்தது சுஷ்மிதா வீடு. பத்திரிகை வாங்குகிற வீடு.

அருணகிரி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெட்டியதோடு போகட்டும், இந்தப் பிள்ளை கதையைப் படிக்கக்கூட இல்லை என்றார். பெட்டியின் மேல் ஒட்டியிருந்த அறிக்கைத் தாளைப் பிய்த்து எடுத்தார். கண்காட்சிக்கு முந்தின நாள் கல்யாணி எல்லாருக்கும் கொடுத்த தாள் அது, ஐந்து கேள்விகள். அவசரத்தில் எந்தத் தாளையும் அவள் வாசித்துப் பார்த்திருக்கவில்லை.

"யானைக்குட்டி ஒண்ணு அம்மாவைத் தேடி ஆத்தோட கடல் வரைக்கும் வருது. அதுதானே கதை? இதுல என்ன எழுதியிருக்கா பாருங்க. கதையில் வருபவர்கள். யானைக்குட்டி, தாய் யானை, படகுக்காரர், ஷ்யாம்..."

அந்த இடத்தில் நின்றுவிட்டார். அவர் சொன்ன பெயர் அவர் காதில் விழுந்த பிறகுதான் அது யாருடையது என்று உறைத்திருக்க வேண்டும். தாளை மெல்லத் தாழ்த்தினார்.

ரவிச்சந்திரன் தலையைத் தூக்கியிருந்தார். மேலே படிங்க சார் என்றார்.

அருணகிரி தாளைக் கல்யாணியிடம் நீட்டினார். அவள் எழுந்து வாங்கி, மீதியை அவள்தான் வாசித்தாள். ஷ்யாம், ஷ்யாமின் அம்மா. மூன்றாவது கேள்வி, உனக்குப் பிடித்த இடம் எது: ஷ்யாமின் அம்மா தூங்கிப்போகும் இடம். நான்காவது, ஏன் பிடித்தது: எங்க அம்மாவும் கூடையை இறக்கினதும் அப்படித்தான் தூங்கும். ஐந்தாவது கேள்வி, கதையில் வரும் யாரிடமாவது ஏதாவது கேட்க விரும்புகிறாயா. அதற்கு எழுதியிருந்ததை அவள் வாசிக்கத் தொடங்கி, வாய்க்குள்ளேயே முடித்துக்கொண்டாள்.

பிறகு செய்ய வேண்டியதைச் செய்தாள். இரண்டு மாதத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டியது. பதினேழாம் எண் புத்தகத்தை எடுத்து, முதல் பக்கத்துக்கு அப்பால் புரட்டினாள்.

மூன்றாம் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலில், கோணல்மாணலாக: இந்த யானைக்குப் பேரு குண்டு. ஒன்பதாம் பக்கத்தில்: அம்மா இத ரெண்டு தடவ படிச்சா. பதினாலாம் பக்கத்தில், புத்தகத்திலேயே பெரிய படம், இரண்டு பக்கம் விரிந்து கிடக்கும் கடல், அலையோரத்தில் யானைக்குட்டி தன்னந்தனியாக நிற்கிறது. அதன் கீழே: அம்மா தூங்கிட்டா. மீதி நாளைக்கு. ஷ்யாம்.

அதற்குப் பிறகு எட்டுப் பக்கம் இருந்தது. எதிலும் பென்சில் படவில்லை.

கல்யாணி புத்தகத்தை அப்படியே விரித்தபடி ரவிச்சந்திரன் முன்னால் வைத்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றி, சட்டையில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். எழுத்தை விரலால் தொடாமல், அதற்கு ஒரு அங்குலம் மேலேயே விரலை வைத்துக்கொண்டு வரி முழுக்க நகர்த்தினார்.

"இது அவன் எழுத்துதான்" என்றார். "நான் இதையெல்லாம் பிரிச்சுப் பார்க்கலை."

செருப்புப் பெட்டியை அவர் அப்போதுதான் சரியாகப் பார்த்தார். கல்யாணியும்தான். அச்சான யானைகளுக்குப் பின்னால், பெட்டியின் மூலையில், கையால் வரைந்து வெட்டிய இரண்டு உருவங்கள் இருந்தன. புடவை கட்டிய ஒரு பெண் சுவரில் சாய்ந்து தூங்குகிறாள். பக்கத்தில் ஒரு பையன் பென்சிலோடு உட்கார்ந்திருக்கிறான். வெள்ளிக்கிழமை நின்ற இடத்திலிருந்து வசுமதிக்கு அந்த மூலை தெரிந்திருக்காது.

ஏன் இந்தப் பெரிய கடல் படத்தை வெட்டவில்லை என்று கல்யாணி யோகேஸ்வரியைக் கேட்டாள். அதுதானே எல்லாவற்றிலும் நல்ல படம்.

யோகேஸ்வரி முதல்முறையாக நிமிர்ந்தாள். "அதுல அவன் எழுதிக்கீறான் டீச்சர். அவன் எழுதுன பக்கம் எதையும் நான் வெட்டல. எழுதாத பக்கத்துலதான் வெட்டுனேன்." கொஞ்சம் பொறுத்து, "அவன் கதையில வர்ற பையன்தான? அவன் படம் மட்டும் எங்கயும் போடல. அதான் நான் வரைஞ்சேன்" என்றாள்.

வெளியே கல்பாக்கம் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பியது.

"எம் பையன்மா" என்றார் ரவிச்சந்திரன். "அவன் இப்ப இல்ல. அவனோட புத்தகம்தான் இதெல்லாம்."

தனக்கோடி எழுந்து நின்றுவிட்டாள். கல்யாணி எதிர்பார்த்துப் பயந்திருந்தது இந்த நிமிஷத்தைத்தான். சீட்டு ஒட்டிய அந்தச் சனிக்கிழமையிலிருந்தே. இனி கத்துவாள், பிள்ளையைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போவாள், சாயந்திரத்துக்குள் குப்பம் முழுக்கப் பரவி, நாளைக்குப் பாதி வகுப்பு காலியாகும்.

தனக்கோடி ரவிச்சந்திரன் பக்கம் திரும்பவே இல்லை. கல்யாணியிடம்தான் பேசினாள். குரல் தாழ்ந்திருந்தது.

"இத்த முன்னாடியே சொல்றதுக்கு இன்னா டீச்சர்? எங்க கொழுந்தனாரு கடல்ல போனவரு. அவரு பின்னுன வலையதான் எங்க வூட்டுக்காரு இன்னிக்கும் எடுத்துகினு போறாரு. அவரு போட்ட முடிச்ச நாங்க அவுக்க மாட்டோம். பிஞ்சா பக்கத்துல புதுசா ஒண்ணு போடுவோம், அவ்ளோதான். நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா எம் பொண்ணு பிளேட எடுத்திருப்பாளா?"

கல்யாணி ஒன்பது வருஷமாகக் குப்பத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறாள். அவர்கள் வீடுகளில் இறந்தவர்களின் பொருளை என்ன செய்கிறார்கள் என்று யாரையும் ஒரு நாளும் கேட்டதில்லை. தன் தெருவை வைத்து முடிவு கட்டியிருக்கிறாள்.

ரவிச்சந்திரன் கிளம்பும்போது பதினேழாம் எண் புத்தகத்தைக் கையில் எடுத்தவர், மேசையிலேயே திருப்பி வைத்தார். அதை எடுத்துப் போகும்படி அருணகிரி எவ்வளவோ சொன்னார்.

"அவ ஊருக்குப் போயிருந்தப்ப நானா எடுத்துட்டு வந்து குடுத்துட்டேன் சார் இதையெல்லாம். அவளைக் கேக்கலை. அந்த அலமாரி முன்னாடியே உக்காந்திருந்தா, அதைப் பார்க்கத் தாங்காம செஞ்சேன். இப்ப இதையும் நானா கொண்டுபோனா மறுபடி அதேதான். என்ன சொல்றதா இருந்தாலும் அவளுக்கு எழுதுங்க. தபால்ல அனுப்புங்க. நான் கொண்டு குடுத்தா வாங்க மாட்டா." வாசல்வரை போய்த் திரும்பி, சனிக்கிழமை வண்டி வருவது அவள் என்ன சொல்கிறாளோ அதைப் பொறுத்தது என்றார்.

மாற்றுச் சான்றிதழ் புத்தகம் மேசைமேலேயே கிடந்தது. கடிதத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று அருணகிரி தனக்கோடியிடம் சொன்னார். ஆனாலும் எழுத்தில் தப்பு யாருடையது என்று இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு யாரும் பள்ளிக்கு ஒரு குண்டூசி தரமாட்டார்கள் என்பதில் அவர் மாறவில்லை.

செங்கல்பட்டு பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. கல்யாணி காலாண்டுக் கேள்வித்தாள் ஒன்றின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினாள். பொருள் என்று போட்டாள், பார்வை என்று போட்டாள். எங்கள் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு பயிலும் மாணவி என்று எழுதினாள். அடுத்த சொல் வரவில்லை. திருக்கழுக்குன்றம் தாண்டும்போது அதை அடித்துவிட்டு, எங்கள் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியையாகிய நான் என்று எழுதினாள். அதற்குப் பிறகு தடை இல்லாமல் வந்தது.

மறுநாள் காலை வாசிப்பு வகுப்பில் நாற்பத்து மூன்று புத்தகங்களையும் பெஞ்சுகளில் பரப்பச் சொன்னாள். ஆளுக்கு ஒரு ஈரத்துணி. சீட்டை மேலிருந்து பிய்க்கக் கூடாது, நனைத்து, ஊறவிட்டு, ஓரத்திலிருந்து உருட்ட வேண்டும் என்று செய்து காட்டினாள். உருட்டத் தொடங்குவதற்கு முன், இந்தச் சீட்டுக்குக் கீழே இருப்பது யாருடைய பெயர், அந்தப் பையன் எப்போது போனான், அதைத் தான் ஏன் மறைத்தாள் என்று சொன்னாள். பிள்ளைகளிடம் தன் தப்பைச் சொல்வது அவளுக்குப் பழக்கமில்லாத வேலை. தலைமையாசிரியருக்கு அறிக்கை வாசிப்பதுபோலத்தான் வந்தது, ஒன்று, இரண்டு, மூன்று என்று.

சுஷ்மிதா தன் துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாள். தேவேந்திரன்தான் கடைசியில் வாயைத் திறந்தான். "இருந்திருந்தா இப்ப ஆறாவது டீச்சர். நம்மளவிட சீனியரு." பின்பெஞ்சில் ஒருத்தி சிரித்தாள், பிறகு எல்லாரும் குனிந்து வேலையைத் தொடங்கினார்கள்.

சீட்டுகள் ஒவ்வொன்றாக வந்தன. ஏழெட்டில் கீழ்த்தாளும் கொஞ்சம் உரிந்துவிட்டது, மற்றவற்றில் பெயர் முழுசாக இருந்தது. ஷ்யாம், 2 ஆ. ஷ்யாம், 3 ஆ. ஒன்றில் பெயருக்குக் கீழே திருடினால் கண் போய்விடும் என்று எழுதியிருந்தான். தேவேந்திரன் அதை வகுப்பு முழுக்கச் சுற்றிக் காட்டினான். யாரும் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளி உட்காரவில்லை. யோகேஸ்வரி பதினேழாம் எண் சீட்டை உருட்டி எடுத்துவிட்டு, வெட்டிய மூன்று படங்களையும் பிரித்துத் திரும்ப ஒட்டட்டுமா, சோத்துப் பசைதான், தண்ணி பட்டால் வந்துவிடும் என்று கேட்டாள். இப்போது வேண்டாம் என்றாள் கல்யாணி. அதைச் சொல்ல வேண்டியவர் வேறொருவர்.

மதியம் நகல் எடுத்த கடிதத்தை அருணகிரியிடம் கொடுத்தாள்.

மதிப்பிற்குரிய அம்மா, என்று அது தொடங்கியது. உங்கள் மகன் ஷ்யாமின் புத்தகங்கள் எங்களிடம் வந்தபோது நாற்பத்து மூன்றிலும் அவர் பெயர் இருந்தது. நான் அதன் மேல் சீட்டு ஒட்டி மறைத்தேன். யாருடையவை என்று மாணவர்களிடம் சொல்லவில்லை. வீட்டிலிருந்து படம் வெட்டி வரச் சொன்னபோது, படமே இல்லாத வீடுகள் என் வகுப்பில் உண்டு என்று யோசிக்கவில்லை. புத்தகங்களைப் பிள்ளைகளிடம் கொடுக்குமுன் பிரித்துப் படிக்கவும் இல்லை. யோகேஸ்வரி படித்திருக்கிறாள். உங்கள் மகன் பென்சிலால் எழுதிய பக்கம் ஒன்றைக்கூட அவள் வெட்டவில்லை. அவரையும் உங்களையும் கதையில் வருபவர்களாக எண்ணி, உங்கள் இருவரையும் தானே வரைந்து பெட்டியில் வைத்திருக்கிறாள். அவள் எழுதிய அறிக்கையை அப்படியே இணைத்துள்ளேன். அதில் ஐந்தாவது கேள்விக்கு அவள் எழுதியிருப்பது உங்களிடம் கேட்டது. அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவளிடம் நான் எதுவும் சொல்லவில்லை. புத்தகங்கள் உங்களுடையவை. சனிக்கிழமைக்குத் தயாராகக் கட்டி வைத்திருக்கிறோம். பதினேழாம் எண்ணை மட்டும் கட்டவில்லை. அது பதினாலாம் பக்கத்தில் திறந்தபடி என் மேசையில் இருக்கிறது.

அருணகிரி இரண்டு முறை படித்தார். இணைப்பைப் புரட்டி, ஐந்தாவது கேள்விக்கு அவள் எழுதியிருந்ததையும் இப்போதுதான் படித்தார்: அவங்க எழுந்ததும் மீதிக் கதையைப் படிச்சாங்களா?

இதை அனுப்பினால் எல்லாம் உங்கள் தலையில் விழும் என்றார். அவர் அதைச் சொன்ன விதத்தில் மிரட்டல் இல்லை, கணக்குச் சரிபார்க்கிற தொனிதான் இருந்தது. விழட்டும் சார் என்றாள் கல்யாணி.

"நான் கையெழுத்துப் போட மாட்டேன். நீங்களே போட்டுக்குங்க." பிறகு பள்ளி முத்திரையை மை அட்டையோடு அவள் பக்கம் நகர்த்தினார். அனுப்புகைப் பதிவேட்டைத் தானே திறந்து, எண் போட்டு, தேதி எழுதினார். எழுந்தபோது மாற்றுச் சான்றிதழ் புத்தகத்தை எடுத்து இழுப்பறையில் வைத்து, சாவியைத் திருப்பினார்.

பழுப்பு உறை ஒன்றில் கடிதத்தையும் அறிக்கையையும் மூன்றாக மடித்துப் போட்டாள். வசுமதி அம்மாள் பெயரையும் குடியிருப்பு விலாசத்தையும் எழுதினாள். கோந்து டப்பா காய்ந்து பாளமாகக் கிடந்தது. சத்துணவு ஆயா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். யோகேஸ்வரி ஓடிப்போய் உள்ளங்கையில் நாலு பருக்கை சோறு வாங்கி வந்தாள். கல்யாணி அதை நசுக்கி உறையின் மடிப்பில் தடவ, யோகேஸ்வரி இரண்டு கட்டைவிரலாலும் ஓரம்வரை அழுத்தி, எண்ணியதுபோல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தபாலாபீஸில் அன்றைய பை கட்டுவதற்குப் பத்து நிமிஷம் இருந்தது. கல்யாணி பெட்டியில் போடவில்லை. தபால்தலை வாங்கி ஒட்டி, ஜன்னல் வழியாக உள்ளே நீட்டினாள். உள்ளூர்தானேம்மா, நாளைக்கே போய்ச் சேர்ந்துவிடும் என்றார் உள்ளே இருந்தவர். முத்திரையை மையில் ஒற்றித் தபால்தலைமேல் ஒரு குத்துக் குத்தி, உறையைப் பைக்குள் போட்டு, வாயைச் சுருக்கிக் கட்டினார்.